புழக்கடையின் கணக்கு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் ஆயா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கூடத்தோடு நின்றுவிடுவார்கள். அங்கேதான் தறி இருந்தது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து தாத்தா நாடா ஓட்டுவதைப் பார்ப்பார்கள், ஜரிகையைத் தொட்டுப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், திரும்பிப் போவார்கள். தறியைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் புழக்கடை. அங்கே யாரும் வந்ததில்லை. ஒரு கிணறு, துணி துவைக்கும் கல், முருங்கை மரம், அவரைப் பந்தல், நாலு பாத்தி, இரண்டு கோழிக்கூடை. தெற்கத்தி ஆட்கள் அதைப் பஞ்சாரம் என்பார்கள். அவ்வளவுதான் இடம். அந்த இடத்தின் வரலாற்றைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

தறிக்கு வரலாறு இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளர்களிடம் ஊரகத்துக் கோயிலின் நிர்வாகப் பொறுப்பை ஒப்படைத்ததைச் சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் தறி இறை வருகிறது, வரி கட்டியவர்கள் வருகிறார்கள். விஜயா ராமசுவாமி 1985இல் தென்னிந்திய நெசவாளர்களின் இடைக்கால வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வரி விதிக்கிறவனும் விலை பேசுகிறவனும் கூடத்தில் நின்று பார்த்ததெல்லாம் எழுத்தில் இருக்கிறது. புழக்கடைக்கு வரி இல்லை, அதனால் எழுத்தும் இல்லை.

ஆனால் கோழி இந்த ஊர் இலக்கியத்தில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. வழியில் எந்த வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்ந்த பெட்டைக் கோழியின் கறியும் கிடைக்கும். அதே பாட்டில், கொஞ்ச தூரம் தள்ளி, அந்தணர் வீடு வருகிறது. அங்கே மெழுகிய வாசல் உண்டு, பந்தல்காலில் கட்டிய கன்று உண்டு. ஆனால் கோழியும் நாயும் அந்தப் பக்கம் நெருங்காது. யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதைக் கோழியை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றும் சின்னக் காஞ்சிபுரத்து வரதராசர் சன்னதித் தெருவில் நடந்துவிட்டு பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தால் அந்தப் பாட்டின் இரண்டு பத்திகளுக்கு நடுவே நடப்பது போலத்தான் எனக்கு இருக்கும். பாட்டு சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த உழவர் வீட்டுக் கோழியை அடைவைத்தது யார், குஞ்சைப் பருந்திடமிருந்து காத்தது யார், விருந்தாளி வந்ததும் எதைப் பிடித்து அறுப்பது என்று முடிவு செய்தது யார்? பாணனுக்கு அது தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

ஆயாவுக்கு 1952இல் கல்யாணம். பதினாறு வயது. கைத்தறி நொறுங்கிக் கிடந்த காலம் அது. துணி தேங்கி, தறிகள் நின்று, நெசவாளர் ஊர்களில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சர் ராஜாஜி மத்திய அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1953இல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆயா சொன்ன கதை வேறு. அவள் பிறந்த வீட்டிலிருந்து வரும்போது ஒரு பெட்டைக் கோழியைக் காலைக் கட்டிக் கூடையில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே சாம்பலில் புரட்டிய அவரை விதை, கத்தரி விதை, சுரைக் குடுக்கைக்குள். "தறி நின்னு போற நாளும் வரும். கோழிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு முட்டையிட்டுக்கினு இருக்கும்" என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பினாளாம்.

தறி நிற்பதற்குப் பஞ்சம்தான் வர வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு வருடமும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஊற்று சுரக்கும். தெருவில் பாவு விரித்துத் தோய்க்க முடியாது. கஞ்சி போட்ட இழை காயாது. நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது, சேலை அறுத்தால்தான் கூலி. அறுக்க முடியாத இரண்டு மாதமும் முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் ஓடும். தை பிறந்தால் முகூர்த்தம் பிறக்கும், சேலைக்குக் கேட்பு வரும், தறி மறுபடி ஓடும். ஆனால் தையில் வரும் கூலி கார்த்திகையில் வாங்கிய கடனுக்குப் போய்விடும். ஆகவே தையும் மாசியும் எங்கள் தெருவில் வேலை நிறைந்த, காசு இல்லாத மாதங்கள். இந்த இடைவெளியைத் தாண்ட வைத்தது புழக்கடை. ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை மார்கழிப் பனியில் பூத்து தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அது காய்க்கும்போதே தைப்பட்டத்துக்குக் கத்தரி நாற்று, வெண்டை, கொத்தவரை, சிறுகீரை, ஓரத்தில் ஒரு பூசணி. ஆடியில் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி எல்லோருக்கும் தெரியும். தையில் விதைப்பதற்குப் பழமொழி தேவைப்படவில்லை, பசி இருந்தது.

கோழிகளும் அந்தக் காலத்தில்தான் அடைக்கு உட்காரும். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டதும் அடைகட்டும். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும். வருடம் முழுவதும் சேர்த்து அறுபது, எழுபது முட்டை என்றால் நல்ல கோழி. எத்தனை விற்பது, எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுப்பது, எத்தனை அடைக்கு விடுவது? இந்த மூன்றுக்கும் நடுவே ஆயா போட்ட கணக்கை நான் எந்தப் பொருளாதார வகுப்பிலும் கேட்டதில்லை.

அவளுடைய காலையைச் சொல்கிறேன். விடியுமுன் தெருவில் பாவு விரிப்பார்கள். தெருவுக்கே அது கூட்டு வேலை. பட்டு இழைமேல் கோழி கால் பட்டால் தீர்ந்தது. அதனால் பாவு காய்ந்து சுருட்டும் வரை எல்லாக் கோழியும் கூடைக்குள். பிறகு திறந்துவிட்டு, பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியில் தவிட்டைப் பிசைந்து வைப்பாள். கிணற்றிலிருந்து சேந்தி பாத்திக்கு ஊற்றுவாள். சாயம் போட்ட தண்ணீரை மட்டும் பாத்திப் பக்கம் விடமாட்டாள். அது வாசல் கால்வாய்க்குப் போகும். அடுப்பு, பிள்ளைகள். பிறகு ராட்டினம். தாத்தா ஒரு நாள் நெய்ய வேண்டிய ஊடையைத் தார்க்குச்சியில் சுற்றி வைப்பது அவள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை, விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதும் அவள், ஆயிரக்கணக்கில் இழை. விதைக்குப் பூசியதும் இழைக்குத் தொட்டதும் ஒரே அடுப்பின் சாம்பல்.

கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசி, தாத்தாவின் கையில் வரும். அதற்குள் ஆயாவின் ராட்டினமும் அடக்கம். தனியாக அவள் பெயருக்குக் காலணா வந்ததில்லை. அவள் கைக்கு நேராக வந்த ஒரே காசு முட்டைக் காசு, கீரைக் காசு. அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருப்பாள். சிறுவாடு என்ற நல்ல தமிழ்ச் சொல் இதற்கு இருக்கிறது. சொல்லிலேயே சிறுமை இருப்பதையும் கவனியுங்கள். பெண்ணின் சேமிப்பு எவ்வளவு பெரிதானாலும் அது சிறுவாடுதான்.

அந்தச் சிறுவாடு செய்த ஒரு காரியத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து பல் பல்லாகக் கோத்துச் சேர்ப்பது. ஒருவரால் முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் குழந்தை. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூட, குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்தது. 1966இல், என் அம்மாவுக்கு ஒன்பது வயதானபோது, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் கோர்வைக்கு உட்காரச் சொன்னார் தாத்தா. கெட்டவர் இல்லை அவர். அவரும் ஏழு வயதில் அப்படித்தான் உட்கார்ந்தவர். ஆயா சண்டை போடவில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். "பொண்ணு படிக்கட்டும், கோர்வைக்கு ஒரு பையனை வெச்சுக்க, அவன் கூலிய நான் தரேன்" என்றாள். ஏழு வருடம் முட்டை விற்றுக் கொடுத்தாள். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியை ஆனாள். அதனால்தான் நான் வரலாறு படித்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் பெருமையாகச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் வளர்ந்தோம். வளர்ந்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. கோர்வைக்கு வந்த அந்தப் பையனுக்கு என்ன வயது? அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் வயசுதான் இருக்கும்" என்றாள். அவனுடைய குடும்பம் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தது. கூரைக்கும் சுவருக்கும் வாடகை, பின்னால் ஒரு முழ மண் கிடையாது. கோழி வளர்க்க அவன் அம்மாவுக்கு இடம் இல்லை. என் அம்மாவின் படிப்பை வாங்கியது ஆயாவின் உழைப்பு மட்டுமில்லை, பத்தடிக்கு இருபதடி மண்ணும்தான். வீட்டுத் தோட்டத்தைப் பெண்களின் சுதந்திரமாகக் கொண்டாடும்போதெல்லாம் இந்தப் பையனும் அவன் அம்மாவும் என் முன்னால் வந்து நிற்கிறார்கள். தோட்டம் என்பது முதலில் நிலம். நிலம் யாருக்கு இருந்தது என்பது சாதியின் கேள்வி, வர்க்கத்தின் கேள்வி.

அந்த ஏழு வருடத்தில் ஒரு மாசி மாதம் எல்லாம் முடிந்துபோகும் போல இருந்தது. பனி போய் வெயில் ஏறும் நாட்களில் வெள்ளைக்கழிச்சல் வரும். கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். ராணிக்கெட் என்று நோய்க்குப் பெயர். இதற்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம், 1932இல் தொடங்கியது, பாலாற்றங்கரையில் எங்களுக்கு மேற்கே ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. ஊசியும் இருந்தது, ஊசி போடும் மாட்டாஸ்பத்திரியும் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி திறக்கும் நேரமும் தார் சுற்றும் நேரமும் ஒன்று. முகூர்த்தச் சேலை அறுத்துக் கொடுக்க வேண்டிய வாரம். நாளை போகலாம் என்று இருந்தாள். ஒரே வாரத்தில் இருபத்துமூன்று கோழி. பையனின் கூலிக்கு மூக்குத்தி அடகுக்குப் போனது. மிஞ்சிய ஒரு பெட்டையை வைத்து மறுபடி தொடங்கினாள். பெண்களின் கால்நடை அறிவைப் பற்றிப் பேசும்போது நாம் அறிவை மட்டும் பேசுகிறோம். அவளுக்கு அறிவு இருந்தது, மருந்து இருந்தது. நேரம் இல்லை.

தாத்தா போன பிறகு ஆயா முதியோருக்கான நெசவாளர் உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனாள். நான் கூடப் போனேன். "நீங்க என்னம்மா வேலை செஞ்சீங்க?" என்று எழுத்தர் கேட்டார். தறியில் உட்கார்ந்தது தாத்தா, சங்கத்தில் உறுப்பினர் தாத்தா, பாஸ்புத்தகம் தாத்தா பேரில். ஐம்பது வருடம் தார் சுற்றியவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் என்னாத்த செஞ்சேன், ஊட்லதான் இருந்தேன்." எழுத்தர் அதையே எழுதிக்கொண்டார். மனு திரும்பி வந்தது.

இந்த "ஊட்லதான் இருந்தேன்" என்பதற்கு இந்திய அரசின் புள்ளிவிவரத்தில் எண் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு ஒவ்வொருவரின் வேலைக்கும் ஓர் எண் கொடுக்கும். 92 என்றால் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். 93 என்றால், வீட்டு வேலையோடு காய்கறி, கிழங்கு, விறகு, மாட்டுத் தீவனம் சேகரிப்பது, வீட்டுக்காகத் தைப்பது, நெய்வது ஆகியவற்றையும் செய்பவர். இரண்டு எண்ணுமே உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. 2011-12 ஆய்வில், இந்த இரண்டு எண்ணுக்குள் வரும் பெண்களிடம் தனியாகக் கேட்டார்கள்: வீட்டுத் தோட்டம் பார்த்துக்கொள்கிறீர்களா? வீட்டில் கோழி, கறவை மாடு வளர்க்கிறீர்களா? அதாவது, அரசுக்குத் தெரியும். கேட்கவும் செய்கிறது. கேட்டுவிட்டு, அவர்களை மறுபடி அதே எண்ணுக்குள் விட்டுவிடுகிறது.

தார் சுற்றியதற்கோ வேறு எண் உண்டு: 21, குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர். அது உழைப்பாளர் கணக்குக்குள்தான் வருகிறது. ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் கூடத்தில் நிற்கிறார், பதில் சொல்கிறவர் தறியில் உட்கார்ந்திருக்கிறார், "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்றால் "ஊட்டு வேலைதான்" என்கிறார். 21 அங்கேயே 92 ஆகிவிடுகிறது. இது மாறவும் கூடும். 2019-20இன் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு தறிக்கு முந்தைய வேலை செய்பவர்களையும் தேடி எண்ணியது. நாடு முழுவதும் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்று தெரிந்தது. வீட்டில் தறி வைத்து நெய்யும் வடகிழக்குப் பெண்கள் இதில் பெரும்பங்கு. ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டால் பதில் வேறாக வரும் என்பதற்கு இது சாட்சி.

நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் 1988இலேயே, பெண்களின் ஊதியமில்லா உழைப்பை விட்டுவிட்டுத் தேசக் கணக்கு எழுதுவது எப்படிப்பட்ட பொய் என்று விரிவாக எழுதினார். 2013இல் உலகத் தொழிலாளர் புள்ளிவிவர மாநாடு, சொந்தப் பயன்பாட்டுக்கான உற்பத்தியும் "வேலை"தான் என்று ஏற்றது. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அந்த ஒரு நிமிடத்தில் ஆயா கோழிக்கூடையைத் திறந்திருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் பூச்செடி வளர்த்ததும் பாடும் பறவைகளைக் கூண்டில் வைத்திருந்ததும், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நெசவாளர்கள் புதுப்புதுப் பூ வகைகளை உருவாக்கியதும் ஆங்கில நூல்களில் அன்போடு எழுதப்பட்டிருக்கின்றன. நெசவாளியின் நுண்ணுணர்வு என்று பாராட்டுகிறார்கள். ஆண் வளர்த்தால் அது ரசனை, வரலாற்றில் இடம் உண்டு. பெண் வளர்த்த கத்தரிக்காய் குழம்பில் கரைந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்கு மட்டும் இந்தப் பெண்ணைத் தெரியாமல் இல்லை. இரண்டு நாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறமும் வளர்த்தாள் காமாட்சி என்கிறது தலபுராணம். மாசியில் அவளுக்குத்தான் பிரம்மோற்சவம். கொஞ்சத்தை வைத்து எல்லோருக்கும் சோறு போடுகிறவளைத் தேரில் ஏற்றி இழுக்கத் தெரிந்த ஊர் இது. தேர் போகும் தெருவில், இரண்டு நாழி நெல்லோடு அதையே செய்த பெண்களுக்கு ஒரு பாஸ்புத்தகம் இல்லை. புகழ்வது வேறு, கணக்கில் வைப்பது வேறு. புகழ் செலவில்லாதது.

இப்போது ஆயாவும் இல்லை, தறியும் இல்லை. 1970களுக்குப் பிறகு கோழி புழக்கடையிலிருந்து நாமக்கல் கொட்டகைகளுக்குப் போனது. முட்டை மலிந்தது, பிள்ளைகளுக்குச் சத்துணவில் கிடைத்தது, அது நல்லதுதான். ஆனால் முட்டைக் காசு பெண் கையை விட்டுப் போனது. கிராமத்து ஏழைப் பெண்களுக்கு அரசு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறது. காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வேகவதி சாக்கடையாக ஓடுகிறது. எங்கள் தெருவில் பெரும்பாலான புழக்கடைகளில் வாடகை அறைகள் எழும்பிவிட்டன. நான் மாடித்தோட்டத்தில் பையில் கத்தரி வளர்க்கிறேன், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதி இருக்கிறது.

போன தையில் என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு வயதான பெண்ணிடம் போய்க் கேளுங்கள். "என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்காதீர்கள், பதில் தெரிந்ததுதான். "காலையில எழுந்து முதல்ல என்ன செய்வீங்க? அப்புறம்? அப்புறம்?" என்று இரவு வரை கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். முப்பது பேர் எழுதி வந்தார்கள். எந்தத் தாளும் நாலு பக்கத்துக்குக் குறைவாக இல்லை. ஒரு மாணவி தாளின் கடைசியில், தான் கேட்ட பாட்டி பதிலுக்குக் கேட்ட கேள்வியையும் எழுதியிருந்தாள்: "இவ்ளோ வேலையா செஞ்சேன் நானு?"

அந்தத் தாள்களை ஆண்டு போட்டு, தெரு போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். புழக்கடையின் ஆவணக் காப்பகம் இப்போதைக்கு அந்த ஓர் அட்டைப்பெட்டிதான்.